இடிந்த வீடு கட்டுவோம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. ஆனால் இடிந்த சுவரையே சித்திரமாக எழுதுகிற கலை ஒன்றும் உலகில் உண்டு. மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காகத் தெருக்களையும் வீடுகளையும் சிற்றுருவில் கட்டி, வண்ணம் தீட்டி, காண்போர் கண்ணுக்கு அவை உண்மை நகரமாகவே தோன்றும்படி செய்வதுதான் அக்கலை. அதன் நுணுக்கங்கள் சிலவற்றை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

"போர் விளையாட்டா? அது பையன்களுக்கு உரியதாயிற்றே!" என்று தோழியர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1913-ஆம் ஆண்டில் எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலை எழுதி, பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் விளையாட்டுக்கு விதிகள் வகுத்தார். அந்நூலின் நீண்ட தலைப்பிலேயே சிறுமியருக்கும் இடம் உண்டு. ஆனால் பையன்களின் விளையாட்டை விரும்பும் அறிவுள்ள சிறுமியருக்கு மட்டும்தான் என்று அவர் ஒரு நிபந்தனை வைத்துவிட்டார்! அந்த நிபந்தனையை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வெல்ஸுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1812-இல், பிரஷ்ய நாட்டு மன்னருக்கு ரைஸ்விட்ஸ் பிரபு ஒரு விளையாட்டு மேசையைச் செய்து அளித்தார். ஆறு, சாலை, குன்று எல்லாம் மேடுபள்ளத்தோடு வார்க்கப்பட்ட சதுரத் துண்டுகளை வேண்டியவாறு மாற்றி அடுக்கிப் புதுப்புது நிலப்பரப்புகளை அதில் உண்டாக்கலாம். இன்றைய விளையாட்டும் அடிப்படையில் அதுவே. இரு தரப்பினர் எதிரெதிரே நின்று, அளவு நாடாவால் தூரம் அளந்து வீரர் பொம்மைகளை நகர்த்துகிறார்கள். சுட்ட குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்கிறது. திறந்த வெளியில் ஒளிய இடமில்லை. நகரத்திலோ ஒவ்வொரு சுவரும் ஒரு வீரனின் பார்வையை மறைக்கும். ஒவ்வொரு சன்னலும் ஒரு பார்வையைத் திறக்கும். ஆகையால் இங்கே வீடு வெறும் அலங்காரமன்று. விளையாட்டின் விதிகளில் பாதி அந்த வீட்டின் சுவர்களில்தான் இருக்கின்றன.

இப்படி அடிக்கடி மேசையேறும் நகரங்களுள் ஒன்று ஸ்டாலின்கிராட். வோல்கா ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள இந்த ரஷ்ய நகரத்திற்கு 1961 முதல் வோல்கோகிராட் என்று பெயர். 1942 ஜூலை 17 முதல் 1943 பிப்ரவரி 2 வரை இங்கே நடந்த பெரும்போரில், தெரு தெருவாக, அறை அறையாகச் சண்டை நடந்தது. அங்கே 'பாவ்லோவ் வீடு' என்று பெயர் பெற்ற நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று உண்டு. சார்ஜண்ட் யாக்கோவ் பாவ்லோவும் அவருடைய தோழர்களும் 1942 செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் 25 வரை, 58 நாட்கள், அதை விடாமல் காத்தனர். அவ்வளவு நாளும் அந்த வீட்டின் நிலவறையில் பொதுமக்களும் இருந்தார்கள்; கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. நாம் கட்டப்போவது அத்தகைய வீடு ஒன்றைத்தான் என்று வைத்துக்கொள்வோம்.

இடிந்த வீடுதானே, எப்படி வெட்டினால் என்ன என்று அட்டையைக் கண்டபடி கிழித்து நிறுத்தினால், பார்ப்பவர் மனம் ஏனோ ஒப்பாது. காரணம் இதுதான்: இடிந்த வீடு முன்பொரு நாள் முழு வீடாக இருந்தது. எனவே முதலில் முழு வீட்டையே தாளில் வரைய வேண்டும். படிக்கட்டு எங்கே, சமையலறை எங்கே, ஒரு தளத்தில் எத்தனை குடும்பம் என்றெல்லாம் முடிவு செய்த பிறகுதான் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்க வேண்டும்.

அளவுக் கணக்கு கடினமன்று. 1:72 என்பது பரவலாக வழங்கும் அளவு. அதாவது உண்மையில் 72 சென்டிமீட்டர் இருப்பது நம் மேசையில் 1 சென்டிமீட்டர். ஐந்தே முக்கால் அடி மனிதர் 24 மில்லிமீட்டர் உயரம் வருவார். மூன்று மீட்டர் உயரமுள்ள தளம் 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகும். நான்கு தளங்களும் கூரையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சாண். 25 சென்டிமீட்டர் நீளமும் 6.5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள செங்கல்லோ மூன்றரை மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரமுமாகச் சுருங்கிவிடும்! வீடு முழுவதும் செங்கல் வரிசையைக் கீறிக்கொண்டிருந்தால் தேர்வுக் காலம் வந்துவிடும். காரை பெயர்ந்த இடங்களில் மட்டும் மை தீர்ந்த பேனா முனையால் கீறிக் காட்டினால் போதும். மற்ற இடங்களில் இருப்பதாகக் கண் தானே எண்ணிக்கொள்ளும்.

இனி, வீடு எவ்வாறு இடிகிறது என்பதைக் கற்க வேண்டும். இந்தக் கலையில் மிகவும் சுவையான பகுதி இதுவென்பது நம் எண்ணம். கனமான செங்கற்சுவரும் மரத் தளமும் கொண்ட வீட்டில் தீப்பிடித்தால், உத்தரங்கள் எரிந்து தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே விழும். வெளிச்சுவரோ பெரும்பாலும் நிற்கும். ஆகவே இடிபாடு தெருவில் மட்டும் கிடக்காது. வீட்டுக்குள்ளேதான் மலையாகக் குவிந்திருக்கும். பலர் இதை மறந்து, தெருவில் கல்லைக் கொட்டிவிட்டு உள்ளே தரையைப் பெருக்கித் துடைத்ததுபோல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு சுவர்கள் கூடும் மூலை எளிதில் விழாது. சன்னலுக்கு மேலுள்ள பகுதி எளிதில் விழும். எனவே சுவரின் மேல்விளிம்பு மூலையில் உயர்ந்தும் சன்னல் வரிசையில் தாழ்ந்தும் படிப்படியாக இறங்க வேண்டும். செங்கல் உடைவதைக் காட்டிலும் பூச்சு இணைப்பில் பிரிவதே அதிகமாகையால், அந்த விளிம்பு வளைகோடாக இராது. பல் பல்லாக இருக்கும்.

ஸ்டாலின்கிராட்டில் மரவீடுகள் நிறைந்த பகுதிகளும் இருந்தன. அவை அடியோடு எரிந்துபோக, குளிர்காயும் செங்கல் அடுப்புகளும் அவற்றின் புகைபோக்கிகளும் மட்டும் வரிசையாக நின்றன. அவ்விடத்தைக் காட்ட விரும்புவோர் வீடே கட்ட வேண்டாம். கருகிய தரைமேல் ஆறேழு புகைபோக்கிகளை நட்டால் போதும். பார்ப்பவர் பேச்சற்று நின்றுவிடுவார். பாவ்லோவ் வீட்டுக்கு எதிரிலேயே கெர்ஹார்ட் மாவு ஆலை என்னும் செங்கற் கட்டடம் இருக்கிறது. உள்ளே வலுவூட்டிய கான்கிரீட் தூண்கள் இருந்தபடியால் அது விழாமல் தாக்குப்பிடித்தது. அந்த ஆலையைப் பழுது பார்க்காமல் அப்படியே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். உண்மையான இடிபாடு எப்படியிருக்கும் என்று அறிய விரும்புவோர்க்கு அதன் புகைப்படங்களைவிட நல்ல பாடநூல் வேறில்லை.

பொருள்களைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் குடில் கட்டிப் பழகிய கைகளுக்கு இவையெல்லாம் பழக்கமானவையே. சுவருக்குத் தடித்த அட்டை அல்லது தெர்மோகோல், உத்தரத்துக்குத் தீக்குச்சி, தரைப்பலகைக்கு ஐஸ்கிரீம் குச்சி, முறுக்கிய நீர்க்குழாய்க்கும் கம்பிக்கும் பழைய மின்கம்பியின் செம்பு இழை, ஒட்டுவதற்கு ஃபெவிகால். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் பசையோ வண்ணமோ பூசினால் அது காயும்போது வளைந்துவிடும். மறுபக்கமும் பூச வேண்டும். தெர்மோகோலின்மேல் டப்பியிலிருந்து பீய்ச்சும் வண்ணத்தை நேராக அடிக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலை அரித்துத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகாலும் வண்ணமும் கலந்த அடிப்பூச்சு ஒன்று கட்டாயம் வேண்டும். இப்போது லேசரால் வெட்டிய மரத்தகடு வீடுகளும் முப்பரிமாண அச்சில் வார்த்த வீடுகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவை அழகானவைதான், ஆயினும் எல்லா வீடும் ஒரே மாதிரி இடிந்திருக்கும்!

இடிபாட்டுக்கு உடைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சலித்த மணல், பொடித்த செங்கல் ஆகிய மூன்றையும் கலந்து கொள்ளலாம். குவியலின் சரிவு மிகச் செங்குத்தாக இருக்கக் கூடாது. தெருவில் லாரி கொட்டிச் சென்ற ஜல்லிக் குவியலைக் கவனித்தால் சரியான சாய்வு விளங்கும். சுவரின் அடியில் பெரிய துண்டுகளும், அவற்றினிடையே பொடியும், மேலே அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரங்களும் இருக்கட்டும். ஒரு கட்டில் சட்டம், ஒரு கதவு, ஒரு வாளி என வீட்டுப் பொருள்கள் இரண்டு மூன்றைச் செருகினால்தான் அது வீட்டின் குவியலாகும். இல்லையேல் வெறும் கற்குவியல்.

வண்ணம் தீட்டுவதில் தொடக்கக்காரர் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். ஸ்டாலின்கிராட் என்றதும் சாம்பல் நிறத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் கண்ட புகைப்படங்கள் கறுப்பு வெள்ளையாக இருந்ததால் அந்த நகரமே சாம்பல் நிறம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் செங்கல் சிவப்புத்தானே! மாவு ஆலை இன்றும் செக்கச் செவேலென்று நிற்கிறது. பழைய செங்கல்லின் முகம் மங்கிய சிவப்பு. புதிதாக உடைந்த இடம் பளிச்சென்ற செம்மஞ்சள். இந்த வேறுபாட்டைக் காட்டினாலே சுவர் நேற்று உடைந்ததுபோல் ஆகிவிடும்.

முதலில் கருமை கலந்த பழுப்பைச் சந்து பொந்தெல்லாம் படும்படி பூச வேண்டும். அது காய்ந்தபின் சுவரின் நிறம். பிறகு வருவதுதான் மந்திரம்: தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு, பழந்துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த மயிரால் மேடுகளின்மேல் மட்டும் இலேசாகத் தடவ வேண்டும். செங்கல்லின் விளிம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். இறுதியில் மிகவும் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். தனிக் கறுப்பு வேண்டாம்; அது கண்ணுக்கு ஓட்டையாகவே தெரியும்.

புகைக்கறையில் கவனம் தேவை. தீ மேல்நோக்கி எரிவது. ஆதலால் கரி சன்னலுக்கு மேலேதான் நாக்குப்போல் படியும். மழைநீர்க் கறையோ சன்னலுக்குக் கீழே வடியும். இரண்டையும் மாற்றித் தீட்டினால் அந்த வீட்டில் நெருப்பு தலைகீழாக எரிந்தது என்று பொருள்! நவம்பர் மாதப் பனியைக் காட்ட வெள்ளை வண்ணம், ஃபெவிகால், வெள்ளைக் கோலமாவு மூன்றையும் குழைத்து, கிடைமட்டமான இடங்களில் மட்டும் வைக்கலாம். சமையல் சோடாவைத் தூவும் வழக்கமும் உண்டு. நாளடைவில் அது மஞ்சளித்துப் போவதால் நாம் அதைச் சிபாரிசு செய்யமாட்டோம்.

வெளிப்புறம் முடிந்ததும் பலர் தூரிகையைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். ஆனால் முன்சுவர் விழுந்த வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுவது உட்புறமல்லவா? ஒரு தளத்தில் நீலச் சுண்ணாம்பு, அடுத்ததில் பூப்போட்ட சுவர்த்தாள், அதற்கடுத்ததில் பச்சை என்று ஒவ்வொரு குடும்பமும் தனக்குப் பிடித்த நிறத்தைப் பூசியிருக்கும். படம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் நிறம் மங்காமல் சதுரமாகத் தெரியும். பழைய வாழ்த்து அட்டையின் பின்னணிப் பூவேலையை வெட்டி ஒட்டினால் சுவர்த்தாள் ஆயிற்று. நிலவறைக்கும் தரையோடு தரையாகச் சிறு சன்னல் ஒன்று வைக்க வேண்டும். விளையாட்டின் விதிகளில் பெரும்பாலும் அந்தச் சன்னலுக்கு வேலை இராது. ஆனாலும் 58 நாட்களும் அந்த மக்கள் இருந்தது அதற்குப் பின்னால்தான்.

விளையாடுவோர் வசதியையும் மறக்கலாகாது. தளங்கள் தனித்தனியே கழற்றி எடுக்கும்படி இருந்தால்தான் உள்ளே கை நுழையும். பொம்மையின் அடித்தட்டு நிற்கும் அளவுக்குத் தரையில் சமதளம் வேண்டும். இடிபாட்டை எவ்வளவு தத்ரூபமாகச் செய்கிறோமோ அவ்வளவுக்குப் பொம்மை சாய்ந்து விழும். இங்கே உண்மையைச் சற்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். தெருவின் அகலம் டாங்கி திரும்பும் அளவாவது இருக்கட்டும்.

தெருமுனையில் நீரூற்று ஒன்று வைக்க விரும்புவோர் பலர். முதலையைச் சுற்றி ஆறு குழந்தைகள் கைகோத்து ஆடும் சிலையுடன் ஒரு நீரூற்று அந்நகரில் இருந்தது. 1942 ஆகஸ்ட் 23-இல் பெருங்குண்டு வீச்சு நடந்தபின், பின்னணியில் கட்டடங்கள் எரிய அச்சிலையை எம்மானுவில் எவ்செரிகின் எடுத்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. 1950-களில் அகற்றப்பட்ட அதற்கு 2013-இல் மறுபடிவங்கள் வைக்கப்பட்டன. காகிதக் கூழாலும் செம்புக் கம்பியாலும் அதைச் செய்துவிடலாம். கைகள் கோத்திருப்பதுதான் கடினம்.

போர் முடிந்த பாவ்லோவ் வீட்டை மேசைமேல் செய்வோர் அரிது. 1943 ஜூன் மாதத்தில், மழலையர் பள்ளியில் பணியாற்றிய அலெக்சாண்ட்ரா செர்காசோவா என்ற பெண், தம்மைப் போன்ற பெண்களைத் திரட்டிக்கொண்டு அந்த வீட்டைச் செப்பனிட முன்வந்தார். முதல் நாள் வந்தவர்கள் 19 பேர். நகரில் முதன்முதலாகச் சீர் செய்யப்பட்ட வீடு அது என்பர். செர்காசோவா இயக்கம் என்று பெயர் பெற்ற அத்தொண்டு பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. அதைச் செய்ய விரும்பும் தோழியர், நாம் மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொண்டு, தெருப்பக்கத்துச் சுவருக்குத் தீக்குச்சிகளால் சாரம் கட்டட்டும். முடிச்சுக்குத் தையல் நூல் போதும். குவியலின் ஓரத்தில், பூச்சு தட்டிச் சுத்தம் செய்த செங்கற்களைப் பத்துப் பத்தாக நேராக அடுக்கி வைக்க வேண்டும். 24 மில்லிமீட்டர் பொம்மைகளில் தலைக்குட்டை கட்டிய பெண்கள் கடையில் எளிதில் கிடைக்கமாட்டார்கள். வீரர் பொம்மையின் துப்பாக்கியை வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்துப் பாவாடையாகச் சுற்றி, கையில் ஒரு வாளியைக் கொடுத்துவிடலாம்.