பேத்திக்கு ஒரு சட்டை

மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். பிறக்கப் போகும் சிசுவுக்கென்று என் மனைவி பெட்டியிலிருந்து மல் துணியை எடுத்து வைத்தாள். ஆனால் அவள் கண்களில் புரை வளர்ந்திருந்தபடியால் ஊசிக் காதில் நூலைக் கோக்க இயலவில்லை. "நீங்கதான் தைக்கணும், நான் சொல்லித் தரேன்" என்றாள். முப்பது வருஷம் பேரேடு எழுதிய கைக்கு வந்த சோதனையைப் பாருங்கள்!

எங்கள் வீட்டிலிருப்பது கையால் சுற்றும் பழைய தையல் இயந்திரம். 1924-ஆம் ஆண்டில் ராமசந்திரன் என்ற மாணவர் இயந்திரங்களைப் பற்றி வினவியபோது, காந்தியடிகள் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி படும் சிரமத்தைக் காணச் சகியாமல் சிங்கர் அதை அமைத்தார் என்பது அவர் சொன்ன காரணம். 1851-இல் காப்புரிமை பெற்ற அந்தச் சிங்கரின் இல்லறத்தைப் பற்றிச் சரித்திரம் வேறு கதை சொல்லுகிறது; அது நமக்கு எதற்கு?

கை ஊசிக்குக் காது பின்புறம். இயந்திர ஊசிக்கோ முனையருகில். துணியைத் துளைத்து இறங்கிய ஊசி சற்றே மேலெழும்போது மேல்நூல் ஒரு சிறு வளையமாகத் தளருகிறது. தறியின் ஓடத்தைப் போல அடிநூல் அதனுள் புகுந்து செல்ல, இரண்டும் துணியின் நடுவே பின்னிக்கொள்கின்றன. முதல் நாள் துணியின் அடியில் நூல் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கிற்று. நான் அடிநூலைக் குற்றம் சொன்னேன். "தப்பு மேலேதான். மேல் நூலைத் திரும்பக் கோத்துப் பாருங்க" என்றாள் அவள். அவள் சொன்னதே சரி.

பிறந்த குழந்தையின் மார்புச் சுற்றளவு ஏறக்குறைய 13 அங்குலம். தாராளமாக 18 அங்குலம் வைத்து வெட்டினோம். துணியை முன்னமே நனைத்து உலர்த்தாவிட்டால் பிறகு சுருங்கிவிடும். குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து குட்டை. ஆகையால் தலை வழியே மாட்டும் சட்டை ஆகாது. முன்புறம் திறந்து, பொத்தானுக்குப் பதில் நாடா முடிய வேண்டும்.

மெல்லிய சருமத்தை உறுத்தாதிருக்கப் பிரெஞ்சுத் தையல் போட்டோம். முதலில் வெளிப்பக்கமாகத் தைத்து, ஓரத்தைக் குறுக நறுக்கி, துணியைப் புரட்டி மறுபடி தைத்தால், பிசிறு முழுவதும் உள்ளே அடங்கிவிடும். இரண்டாவது தையலின்போதுதான் என் அவசரபுத்தி வேலை செய்தது. துணியைப் பின்னாலிருந்து இழுத்தேன். ஊசி வளைந்து, தகட்டில் மோதி முறிந்தது. முனையைக் காணவில்லை.

தரையைப் பெருக்கினோம். அடுத்த வீட்டுச் சிறுவனின் காந்தத்தை வாங்கி இயந்திரத்தின் அடியெல்லாம் தடவினோம். இல்லை. "எங்கேயோ தெறித்திருக்கும், புது ஊசி போடலாம்" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் சட்டையை மடிமேல் விரித்து, கண்களை மூடிக்கொண்டு, தையலை அங்குலம் அங்குலமாக விரலால் நெருடினாள். அக்குளுக்குச் சற்றுக் கீழே விரல் நின்றது.

"இங்கே."

பிரித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் ஒரு நெல்லளவு எஃகு முனை. வெகு நேரம் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று மேற்கொண்டு தைக்கவில்லை.

பேத்தி பிறந்து, பழந்துணியில் கிடந்த நாட்கள் கழிந்தபின், அந்தச் சட்டையை அணிவித்தார்கள். வலக் கை அரை அங்குலம் நீளம். அவள் பாட்டி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்ததுக்குத் துணி எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள்.