நீராவி எஞ்சின் திரும்பி வருமா?

1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ‘இ.ஐ.ஆர். 21’ என்ற நீராவி எஞ்சின், 1909-ல் ஓய்வு பெற்று, 2010-ல் பெரம்பூர்ப் பணிமனையில் மறுபிறவி எடுத்தது. 2019-ல் அது நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஓடியது. மாணவர்களுக்கு இதிலிருந்து ஒரு கேள்வி பிறப்பது இயல்பு. நிலக்கரி நம் நாட்டிலேயே கிடைக்கிறது. டீசலுக்கான எண்ணெயையோ பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்குகிறோம். அப்படியானால், இன்றைய அறிவைக் கொண்டு புதிய நீராவி எஞ்சின் செய்து ஓட்டினால் என்ன?

நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய எஞ்சினில் நிலக்கரி தரும் வெப்பத்தை 100 பங்கு என்று கொள்ளுங்கள். வண்டியை இழுக்கப் பயன்படுவது 7 அல்லது 8 பங்குதான். மீதி எங்கே போகிறது? வெப்ப எஞ்சின் எதுவானாலும், ஆவி நுழையும் வெப்பநிலைக்கும் வெளியேறும் வெப்பநிலைக்கும் இடையே உள்ள இறக்கத்தில்தான் வேலை கிடைக்கும். அனல்மின் நிலையத்தில் ஆவி ஏறத்தாழ 540° செ.-ல் நுழைந்து, குளிர்கலனில் 40° அளவில் நீராகிறது. ரயில் எஞ்சினிலோ 350° அளவில் நுழைந்து, 100°-க்குக் குறையாமலே புகைபோக்கி வழியே ‘குப்... குப்...’ என்று வெளியேறிவிடுகிறது. நாம் ரசிக்கும் அந்த ஓசை வீணாகும் ஆற்றலின் ஓசை! ஆனால் முழுவதும் வீண் என்றும் சொல்லக் கூடாது. அந்த வீச்சுதான் அடுப்புக்குள் காற்றை இழுத்துத் தீயை வளர்க்கிறது. குளிர்கலன் வைத்தால் இந்த இழுப்பு போய்விடும். தனியாக விசிறி வேண்டும். தென் ஆப்பிரிக்காவில் 1950-களில் அப்படியும் செய்து பார்த்தார்கள். தண்ணீர் பெரிதும் மிச்சமானது. பராமரிப்புத் தொல்லை தாளாமல் பின்னர் பெரும்பாலான எஞ்சின்களில் குளிர்கலனை அகற்றிவிட்டார்கள்.

அதே நாட்டில் 1981-ல் டேவிட் வார்டேல் என்ற பொறியாளர் ஓர் எஞ்சினைத் திருத்தி அமைத்தார். அர்ஜென்டினாவின் போர்ட்டா வகுத்த முறைப்படி அடுப்பையும் புகைபோக்கி அமைப்பையும் மாற்றினார். நிலக்கரிச் செலவு 28 சதவீதம் குறைந்தது. அருமையான சாதனை. ஆனால் நம் கணக்கில் 8 பங்கு 11 ஆகிறது, அவ்வளவே.

அதே நிலக்கரியை மின்நிலையத்தில் எரித்தால்? 100-ல் ஏறத்தாழ 35 பங்கு மின்சாரமாகும். கம்பியிலும் எஞ்சினிலும் இழப்பது போக 27 பங்காவது சக்கரத்தை அடையும். திருத்திய நீராவி எஞ்சினைப் போல் இரு மடங்குக்கும் மேல். மேலும், ஆரல்வாய்மொழி வழியே செல்லும் மின்ரயிலுக்கு முப்பந்தல் காற்றாலைகளின் மின்சாரமும் உதவும். கொதிகலனுக்குள் காற்றை ஊற்ற முடியாதே!

தண்ணீரையும் மறக்கலாகாது. ஒரு கிலோ நிலக்கரிக்கு 6 கிலோ நீராவது ஆவியாகும். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டுக்கும் வானத்தையும் பேச்சிப்பாறையையும் பார்த்திருக்கும் நாஞ்சில் நாட்டு உழவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இருந்தும், நம் மாநிலத்திலேயே புதிய நீராவி எஞ்சின்கள் பிறந்திருக்கின்றன. திருச்சி பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்காக எண்ணெய் எரிக்கும் எஞ்சின்களைச் செய்தது. 2021-ல் நிலக்கரி எரிக்கும் ஒன்றையும் செய்தது. ஆக, செய்ய முடியுமா என்பது கேள்வியே அல்ல. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, பாதை அதிகபட்சமாக ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் அளவுதான். நின்ற நிலையிலேயே முழு இழுவிசை தருவது நீராவியின் நல்ல குணம். இந்த ஏற்றத்துக்கு வேண்டியதும் அதுவே. இங்கே ஆவி இருமுறை உழைக்கிறது. உயர் அழுத்தச் சிலிண்டர்களில் தண்டவாளச் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, வெளியே போகாமல் தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்குள் புகுந்து, நடுவிலுள்ள பல்தண்டவாளத்தைக் கவ்வும் பற்சக்கரங்களையும் சுழற்றுகிறது. அதன் பிறகே புகைபோக்கி. ஊட்டிக்குப் போகிறவர்கள் எஞ்சினின் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த சிலிண்டர்களைக் கவனியுங்கள்.