பந்தோடு ஓடுகிற பையன் எந்த மேசைக்குப் போனான்?

கதவை மெதுவாகத் தள்ளுங்கள். சத்தம் கூடாது. இது மும்பை, தேதி 2017 ஜூலை 23. உள்ளே இந்தியன் சூப்பர் லீக்கின் டிராஃப்ட் நடக்கிறது! பத்து கிளப்புகள், இருநூறுக்கும் மேற்பட்ட இந்திய ஆட்டக்காரர்களின் பெயர்கள். அந்தப் பட்டியலில் நம்ம ஊர்ப் பெயர்களும் உண்டு. ஒன்று வியாசர்பாடியின் தனபால் கணேஷ். இன்னொன்று சென்னை சிட்டி அணியில் ஆடிக்கொண்டிருந்த நந்தகுமார் சேகர். யாரை யார் தூக்கப்போகிறார்கள்? நகம் மிச்சமிருந்தால் கடித்துக்கொள்ளுங்கள்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு அதிர்ச்சி. சுத்தியலே இல்லை! ஒவ்வொருவருக்கும் விலை முன்கூட்டியே எழுதியாகிவிட்டது. அனஸ் எடத்தொடிகாவுக்கும் யூஜின்சன் லிங்டோவுக்கும் 1.10 கோடி ரூபாய், அதுதான் உச்சம். ஏற்றிக் கேட்க வழியில்லை. கையில் காசு இருப்பவருக்கு இங்கே மரியாதை கிடையாது, முறை வருபவருக்குத்தான் மரியாதை. நம் முறை வருவதற்குள் பக்கத்து மேசை அந்தப் பெயரை உச்சரித்துவிட்டால் கதை முடிந்தது. புதிதாக வந்திறங்கிய ஜாம்ஷெட்பூர் எடுத்த எடுப்பில் அனஸைத் தட்டிச் சென்றது. சென்னையின் எஃப்சியோ முன்களத்தின் ஜேஜேயையும் கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கையும் ஏற்கெனவே தக்கவைத்துக்கொண்டதால், ஆரம்பச் சுற்றுகளில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கைதான் பார்க்க முடிந்தது.

பிறகு முறை வந்தது. பிக்ரம்ஜித், ஜெர்மன்ப்ரீத் என்று நடுக்களத்துக்கு ஆள் சேர்த்த கையோடு கணேஷ் பெயருக்கும் டிக்! நந்தகுமாரோ டெல்லி டைனமோஸ் மேசைக்குப் போய்விட்டார். விங்கில் பந்தை வாங்கிக்கொண்டு பறக்கிற சென்னைப் பையன் டெல்லிக்கு; பறக்கிறவர்களிடமிருந்து பந்தைப் பிடுங்குகிற சென்னைப் பையன் சென்னைக்கு.

சரியாகத்தான் எடுத்தார்களா?

பிடுங்கிப் பழகிய பேட்டை

அந்த டிக் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் மும்பையை விட்டு இறங்கி, கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வாருங்கள். வியாசர்பாடி முல்லை நகர் மைதானம். ஊரெல்லாம் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலையும்போது இங்கே மட்டும் பந்தடிதான் பேச்சு. 'குட்டி பிரேசில்' என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை! தொண்ணூறுகளின் கடைசியில் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் படிப்பும் சேர்த்துத் தர ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்ப வகுப்புக்கு இழுத்து வந்ததற்குப் பந்துதான் தூண்டில். அந்தச் சூழலில் வளர்ந்தவர்தான் கணேஷ்.

இடம் குறைச்சல், ஆள் அதிகம். பந்து காலுக்கு வந்ததுமே மூன்று பேர் மேலே விழுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஆடி வருகிறவனுக்கு இரண்டு வித்தைகளில் ஒன்று கண்டிப்பாகப் படியும்: விழுகிறவர்களை ஏமாற்றி நழுவுவது, இல்லை, விழுந்து பிடுங்குவது. கணேஷுக்கு வாய்த்தது இரண்டாவது. மைதானத்தின் நடுவில், தன் பின்களத்துக்கு முன்னால் நின்று, எதிராளியின் வழியை மறித்துப் பந்தைக் கைப்பற்றி நம்ம ஆளிடம் சேர்க்கிற வேலை. டிவி கேமரா இந்த வேலையைக் கண்டுகொள்ளாது. கோல் அடித்தவன் சட்டையைச் சுழற்றும்போது, அந்தப் பந்தை முதலில் மீட்டவன் அறுபது அடி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான்.

மார்ச் 13, பெரியமேடு அதிர்ந்த ராத்திரி

இப்போது நேரு ஸ்டேடியத்துக்குள் எட்டிப்பாருங்கள். 2018 மார்ச் 13. அந்த சீசன் லீக்கின் அரையிறுதி, இரண்டாவது ஆட்டம், எதிரே கோவா. அங்கே போய் ஆடிய முதல் ஆட்டம் 1-1. அப்போது வடக்கே மெட்ரோ வரவில்லை. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து ரசிகனுக்கு மின்சார ரயிலோ மாநகரப் பேருந்தோதான் கதி.

26-ஆவது நிமிடம், ஜேஜே கோல்! கத்திய தொண்டை காய்வதற்குள் 29-ஆவது நிமிடம். பந்து உயர்ந்து வருகிறது, கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தலை எழும்புகிறது, முட்டுகிறது, வலை குலுங்குகிறது. யாரு? யாருப்பா அது? நம்ம கணேஷ்! பிடுங்குவதற்காக எடுத்த ஆள் கோலே அடித்துவிட்டார்! கடைசியில் ஜேஜே இன்னொன்று சேர்க்க, 3-0. நான்கே நாளில், மார்ச் 17 அன்று, பெங்களூரு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று சாய்த்துக் கோப்பையைத் தூக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகுஸ்தோ ஒன்று. பயிற்சியாளர் ஜான் கிரிகரி அன்றைக்கு மன்னாதி மன்னன்.

அப்போ தேர்வு சரிதானே? கொஞ்சம் பொறுங்கள். ஜெயித்த அணியில் பாட்டில் தூக்கினவன்கூடச் சரியான தேர்வாகத்தான் தெரிவான். கோப்பை சாட்சி சொல்லாது. ஆள் இல்லாத நாள்தான் சொல்லும்.

ஆள் இல்லாத நாள்

அடுத்த சீசன், 2018-19. கணேஷுக்கு முழங்காலில் காயம். களத்துக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார். நடப்பு சாம்பியன் என்ன ஆனது தெரியுமா? 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம்! முந்தைய ஆண்டு 32 புள்ளியோடு இரண்டாவதாக வந்த அதே அணி!

எல்லாப் பழியையும் ஒரு முழங்காலின் மேல் போடுவது நியாயமில்லை. தடுப்பின் தூணாக இருந்த கேப்டன் ஹென்ரிக் செரேனோ கிளம்பிப்போனார். ஜேஜேயின் காலில் கோல் வற்றியது. ஆனாலும் நடுக்களத்தில் பந்தைத் திரும்பப் பிடுங்க ஆளில்லாத ஓட்டை கேலரியின் கடைசிப் படியிலிருந்தே தெரிந்தது. யார் இருந்தபோது கண்ணில் படவில்லையோ, அவர் போனதும் எல்லார் வாயிலும் அவர் பெயர்.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது, கேளுங்கள். அவர்கள் ஃபுட்பால் வேறு. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். அப்படி ஓடுவதற்கென்றே இருப்பவர் ரன்னிங் பேக். அவர்களுக்கு 1936 முதலே டிராஃப்ட் உண்டு. தோற்ற அணிக்கு முதல் முறை. 2018-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது முறையிலேயே சேக்வான் பார்க்லி என்ற ஓட்டக்காரரை எடுத்தது. "அந்த இடத்தில் போய் ரன்னிங் பேக்கா?" என்று விமர்சகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடி வாங்கி அடி வாங்கிச் சீக்கிரம் தேய்ந்துபோகிற உடம்பு அது. பார்க்லியும் காயம்பட்டார், மீண்டார், 2024-இல் பக்கத்து ஊரான பிலடெல்பியாவின் ஈகிள்ஸ் அணிக்குப் போனார். போய்ச் சேர்ந்த அதே சீசனில் 2,005 கெஜம் ஓடி, சூப்பர் போல் கோப்பையும் வாங்கினார். அவர் இல்லாத ஜயன்ட்ஸ்? 3 வெற்றி, 14 தோல்வி! எடுத்தது தப்பா, விட்டது தப்பா என்று நியூயார்க்காரர்கள் இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

டெல்லிக்குப் போன ஓட்டம்

சரி, நம்ம ஓட்டக்காரர் என்ன ஆனார்? நந்தகுமார் போன டெல்லி அணி 2019-இல் ஒடிசாவுக்கு ஜாகை மாறியது; அவரும் கூடவே போனார். 2023-இல் ஒடிசா சூப்பர் கோப்பையை வென்றது. அந்தக் கையோடு ஈஸ்ட் பெங்கால் அவரைக் கொல்கத்தாவுக்குக் கூட்டிப்போனது.

2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை. எதிரே அதே ஊர்ப் பரம எதிரி மோகன் பகான்! இந்த உள்ளூர் மோதலில், அதாவது டெர்பியில், தொடர்ந்து எட்டு முறை தோற்றுத் துவண்டிருந்தது ஈஸ்ட் பெங்கால் கூட்டம். 60-ஆவது நிமிடத்தில் நந்தா பந்தை வாங்கினார், எதிராளியை வெட்டினார், இடது காலால் வளைத்துவிட்டார். 1-0! கொல்கத்தாவின் பாதி ஊர் அன்றைக்கு ஒரு தமிழ்ப் பெயரைக் கத்தியது. 2024 ஜனவரி 28, சூப்பர் கோப்பை இறுதி. எதிரே யார்? பழைய வீடான ஒடிசா! விட்டுவிடுவாரா? அங்கேயும் ஒரு கோல். ஈஸ்ட் பெங்கால் 3-2. தன்னிடம் இல்லாத ஆளின் அருமையை ஒடிசா நேருக்கு நேர் நின்று கற்றுக்கொண்டது.

அப்போ தீர்ப்பு?

கணேஷை எடுத்தது சரி. கோப்பைக்காக இதைச் சொல்லவில்லை. அவர் இல்லாத பத்தாவது இடத்துக்காகச் சொல்கிறேன். நந்தகுமார் நழுவியது நஷ்டம்தான், ஆனால் அது கண்ணுக்குத் தெரிய ஆறு வருடம் ஆனது. டிராஃப்ட் ஹாலில் உட்கார்ந்தவர்கள் அதை அன்றைக்கே கணக்குப் போட்டிருக்க முடியாது. பிடுங்குகிறவனின் அருமை அடுத்த சீசனிலேயே தெரிந்துவிடும். ஓடுகிறவன் எங்கோ ஒரு ஊரில் பழுத்து, திரும்பி வந்து நம் வலையிலேயே அடிக்கும்போதுதான் உறைக்கும்.

இப்போது அந்த மேசைகளும் இல்லை; கிளப்புகள் நேரடியாகவே பேசி ஆள் எடுக்கின்றன. ஆனால் அளவுகோல் மாறாது. அடுத்த சீசனுக்குச் சென்னையின் எஃப்சி யாரை எடுத்தாலும், அறிமுக வீடியோவில் அவர் பந்தைத் தட்டுகிற அழகைப் பார்த்து விசிலடிக்காதீர்கள். அவர் தடையிலோ காயத்திலோ வெளியே உட்காரும் முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேரே சென்ட்ரல், அங்கிருந்து ஸ்டேடியம் கூப்பிடு தூரம். அன்றைக்கு நடுக்களத்தைப் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் எடுத்தது சரி. தெரியாவிட்டால், மைக்கைப் பிடித்த நிபுணருக்கு முன்னால் நீங்களே தீர்ப்பைச் சொல்லிவிடலாம்!