காந்தம் இழுக்காத கம்பியும் சுடும்

மருந்துக்கு அடங்காத வலிப்பு மூளையில் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று கண்டறிய, சிலருக்கு மூளைக்குள்ளேயே மின்முனைகளைப் பதித்துச் சில நாட்கள் கண்காணிப்பார்கள். அவை சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? 'பிளாட்டினம்தானே, காந்தம் இழுக்காது, பயமில்லை' என்பது எளிதில் வாயில் வரும் பதில். இழுக்காது என்பது உண்மை. பயமில்லை என்பதுதான் அவசரம். படம் எடுக்க எம்.ஆர்.ஐ. கருவி உடலுக்குள் ரேடியோ அலைகளையும் செலுத்துகிறது: 1.5 டெஸ்லா காந்தவலிமையுள்ள கருவியில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 128. நாம் கேட்கும் எஃப்.எம். வானொலி இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஒலிபரப்பாகிறது. மின்முனையின் கம்பி போன்ற நீண்ட கம்பி எதுவும் இந்த அலைக்கு ஏரியல் ஆகிவிடும். அதில் எழும் மின்னோட்டம், உறையில்லாத நுனி வழியே திசுவில் இறங்கி அந்தச் சிறு இடத்தைச் சூடாக்கும். விரல் சுட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம். மூளைத் திசுவுக்கோ வலியே தெரியாது.

டெஸ்லா குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பதும் தப்புக் கணக்கு. ஏரியலுக்கு நீளம் முக்கியம். உடல் திசுவில் 64 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர், 128இல் அதில் பாதி. ஆகவே 3 டெஸ்லாவில் சும்மா இருந்த கம்பி 1.5இல் கொதிக்கலாம். மூளையில் மின்முனை பொருத்தியிருந்த பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு வெறும் 1 டெஸ்லா கருவியில் ஸ்கேன் எடுத்தபின் மின்முனையைச் சுற்றி ரத்தம் கசிந்து, நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டதை 2005இல் 'நியூரோசர்ஜரி' ஆய்விதழ் பதிவு செய்தது. எடுத்தது தலைக்கு அல்ல, கீழ் முதுகுக்கு.

'எத்தனையோ பேருக்கு எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை' என்று அனுபவசாலிகள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த அனுபவம் அந்தக் கருவிக்கும், ரேடியோ அலையைச் செலுத்திய அந்தக் காயிலுக்கும் (கம்பிச்சுருளுக்கும்), கம்பி கிடந்த அந்த வாகுக்கும் மட்டுமே சாட்சி. அப்படியானால் சி.டி. போதுமே? பெரும்பாலும் போதும், அதைப் பழைய எம்.ஆர்.ஐ. படத்தின்மேல் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் மண்டையோட்டைத் திறந்து மின்முனைத் தகடு வைத்தவர்களுக்கு மூளை சற்று இடம் நகர்ந்திருக்கும். பழைய படம் ஒத்துவராது. எனவே ஒட்டுமொத்தத் தடையும் தீர்வல்ல. உதாரணமாக, வலிப்பைக் கண்டதும் மின்துடிப்பால் அடக்கும் ஆர்.என்.எஸ். கருவிக்கு அமெரிக்கா 2013இல் ஒப்புதல் தந்தபோது எம்.ஆர்.ஐ.க்கு அனுமதியில்லை. புதிய மாடலுக்கு 2020இல் அது கிடைத்தது, 1.5 டெஸ்லாவில், நிபந்தனைகளோடு. இப்படிப்பட்ட கருவி உங்கள் உடலில் இருந்தால், முழங்கால் ஸ்கேனுக்குப் போனாலும் அதன் மாடல் எழுதிய அட்டையை முதலில் நீட்டுங்கள்.