சில்லுகளின் மேல் ஓர் இல்லம்

வீடென்பது நிலத்தில் நிற்பது, வண்டியென்பது நிலத்தில் ஓடுவது என்றே நாம் இளமையிற் கற்றோம். இவ்விரண்டையும் ஒன்றாக்கிய வாகனங்கள் இன்று ஐரோப்பாவின் பெருவழிகளெங்குங் காணப்படுகின்றன. 2024 செப்டெம்பர் முதல் வாரத்தில், ஜேர்மனியின் டுசில்டோர்ப் நகரில் நடைபெற்ற ‘கரவன் சலோன்’ கண்காட்சிக்கு யானும் என் மனைவியாருஞ் சென்றிருந்தோம். எம் ஓய்வுகாலச் சேமிப்பின் பெரும்பகுதியை அத்தகைய வாகனமொன்றில் இடலாமா என்று துணிவதே எம் நோக்கம். அங்கு ஒப்புநோக்கி அறிந்தவற்றை இம்மலரின் வாசகர்க்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

இவ்வாகனங்களின் வரலாறு சுவையானது. பிரித்தானியாவில் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் மருத்துவர், இரு குதிரைகள் இழுக்கும் உல்லாச வண்டியில்லமொன்றை 1885இற் பிறிஸ்ரல் நகரிற் செய்வித்தார். ஜேர்மனியின் இஸ்னி என்னும் ஊரிற் சவுக்குகளும் பனிச்சறுக்குக் கோல்களும் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் அறிஸ்ற் டெத்லெவ்ஸ். இவர் 1931இல், ஓவியராகிய தம் துணைவியுடன் பயணஞ் செய்யும்பொருட்டுக் காரின் பின்னே இழுத்துச் செல்லும் இல்லமொன்றைக் கட்டினார். நாம் கண்ட கண்காட்சியோ 1962இல் எஸன் நகரில் தொடங்கி, 1994 முதல் டுசில்டோர்ப்பில் நடைபெற்று வருவது.

மண்டபங்களில் நின்ற வாகனங்களை ஐவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, காரினால் இழுக்கப்படும் கரவன். இதற்கு இயந்திரமில்லை, ஆதலின் விலை குறைவு. தங்குமிடத்தில் இதனை நிறுத்திவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம். ஆனாற் பின்னோக்கிச் செலுத்துதற்குப் பயிற்சி வேண்டும். இரண்டாவது, சரக்கு வானினுள்ளே அமைக்கப்பட்ட இல்லம். ஏறத்தாழ 6 மீற்றர் நீளமும் 2 மீற்றரிற் சற்றே மிகுந்த அகலமும் உடைய இது, நகரத் தெருக்களில் எளிதிற் செல்லும். மூன்றாவது, தொழிற்சாலையில் வந்தவாறே சாரதியின் அறையை வைத்துக்கொண்டு, அதன் பின்னே அகன்ற பெட்டியைப் பொருத்தியது. நான்காவது, சாரதியின் தலைக்கு மேலுங் கட்டில் உடையது. பிள்ளைகளுக்கு உவப்பானது, எனினும் உயரத்தாற் காற்றின் எதிர்ப்பு மிகும். ஐந்தாவது, முகப்பு முதற் பின்புறம்வரை இல்லமாகவே கட்டப்பட்டது. இடவசதி மிகுதி, விலையும் நிறையும் மிகுதி.

கண்ணாற் பார்த்து மட்டும் இவற்றை மதிப்பிடலாகாது. சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலில் நீட்டிப் படுத்தோம். வானில் குறுக்கே இட்ட கட்டில் நெட்டையர்க்குப் போதாதென்பது அப்போதுதான் விளங்கிற்று. மலசலகூடத்தின் கதவைச் சாத்தி உள்ளே திரும்பிப் பார்த்தோம். ஒருவர் சமைக்கும்போது மற்றவர் கடந்து செல்ல முடியுமா என்றும் நடந்து பார்த்தோம். பேரப்பிள்ளைகள் இருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்ற ஆசையால், மூன்றாம் வகையில் 7 மீற்றர் நீளமான ஒன்றின்மேல் மனைவியாரின் மனம் சென்றுவிட்டது. அதிற் கட்டில்கள் நான்கு இருந்தன.

அப்போது யான் அதன் விபரத்தாளை எடுத்துக் கழித்தற் கணக்கொன்று செய்தேன். ஐரோப்பாவிற் சாதாரண கார்ச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு நெடுங்காலமாக வகுக்கப்பட்ட எல்லை 3500 கிலோகிராம். அவ்வாகனத்தின் ஓட்டுநிலை நிறையோ 3000. இதனுள் எரிபொருளும், 75 கிலோவாகக் கொள்ளப்படும் சாரதியும் அடங்கும். தண்ணீரில் 20 லீற்றரே அடங்கும். எஞ்சிய 500 கிலோவில், மற்றை மூவர்க்கு 225 கழிந்தால் 275. தண்ணீர்த் தொட்டியை 100 லீற்றர்வரை நிரப்பினால் மேலும் 80 கழிந்து 195. வெயில்மறைப்பு, இரண்டாவது பற்றறி, மின்துவிச்சக்கரவண்டிகள் இரண்டு, அவற்றைத் தாங்குஞ் சட்டம் ஆகியவற்றுக்கு 125 கொண்டால், மிச்சம் 70 கிலோ மட்டுமே. நால்வரின் உடை, உணவு, பாத்திரம், மேசை, கதிரை யாவும் இதனுள் அடங்கவேண்டும். இன்னுமொன்று: தாளிற் காட்டிய நிறை நூற்றுக்கு 5 வீதம் கூடியோ குறைந்தோ இருத்தலை விதி அனுமதிக்கின்றது. 3000இல் அது 150 கிலோ!

மயிலிறகையும் அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும் என்பது தமிழர் பண்டே அறிந்த உண்மை. மிகைப்பாரம் ஏற்றிய வாகனம் நிற்பதற்கு நெடுந்தூரம் வேண்டும். ரயர் வெடிக்கவுங் கூடும். தண்டப்பணத்தினும் பெரிது, பின்னால் உறங்கும் பிள்ளைகளின் உயிர்.

கணக்கை விற்பனையாளரிடங் காட்டினோம். அவர் மறுக்கவில்லை, “இருவர் மட்டுஞ் செல்வதானாற் போதும்” என்றார். மனைவியார் அக்கட்டில்களை மீண்டுமொருமுறை பார்த்துவிட்டு இறங்கினார்.

ஈற்றில், நீளவாட்டிற் கட்டில்கள் அமைந்த வான் ஒன்றையே தெரிந்தோம். அதன் நிறை குறைவு; நாம் இருவரே செல்வதால் எஞ்சுவதும் மிகுதி. பேரப்பிள்ளைகள் தம் பெற்றோரின் காரில் வந்து, எம்மருகே கூடாரமடித்துத் தங்குவர். முழுப்பணத்தையுஞ் செலுத்துமுன் எம் கண்முன்னே தராசில் வாகனத்தை நிறுத்துக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் எழுதுவித்தோம். இத்தகைய இல்லம் வாங்க எண்ணும் பழைய மாணவர் எவரும், கட்டில்கள் எத்தனை என்று கேட்குமுன், எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கேட்பாராக.