ஓட்டுநர் திறனை அளப்பது எவ்வாறு?
கார்ப் பந்தயத்தில் வென்றது ஆளா, வண்டியா என்று பிரித்தறிவது எளிதன்று. 1992இல் பார்முலா ஒன் உலகப் பட்டம் பெற்ற ஆங்கிலேயர் நைஜல் மான்சல், மறு ஆண்டே அமெரிக்க இண்டிகார் தொடரில் புகுந்து, முதல் முயற்சியிலேயே வாகை சூடினார். அதே 1993இல், 1991ஆம் ஆண்டின் இண்டிகார் வெற்றிவீரர் மைக்கேல் ஆண்ட்ரெட்டி பார்முலா ஒன்னுக்கு வந்தார். இத்தாலியில் பெற்ற மூன்றாமிடமே அவர் கண்ட உச்சம். அதற்குள் அவர் குழுவினரான அயர்ட்டன் சென்னா மூன்று பந்தயங்களில் வென்றிருந்தார். இதுகொண்டு அமெரிக்கத் தொடர் தாழ்ந்தது எனலாமோ? அவசரத் தீர்ப்பாகும்! 1994இல் இண்டிகாருக்குத் திரும்பிய ஆண்ட்ரெட்டி முதற் பந்தயத்திலேயே வென்றார். மான்சலோ அவ்வாண்டு அத்தொடரில் ஒன்றிலும் வெல்லவில்லை. ஓராண்டில் அவர் கைத்திறன் எங்கே போயிற்று? 16 பந்தயங்களில் 12ஐப் பென்ஸ்கே குழுவின் வண்டிகளே கொண்டு சென்றன. ஒரே குழுவில் ஒரே வகை வண்டி ஓட்டும் இருவரை ஒப்பிடுவதே ஓரளவு நேர்மையான அளவுகோல். அதிலும், சென்னா நன்கறிந்த களங்கள் பல ஆண்ட்ரெட்டிக்குப் புதியவை. பயிற்சிச் சுற்றுகளுக்கோ அவ்வாண்டு வரம்பு விதித்திருந்தனர்.