கத்தி காத்திருக்கட்டும்

பிரசவ வார்டு வாசலில் நர்ஸிடம் முதலில் கேட்பது “ஆணா, பெண்ணா?” என்பதைத்தான். உடலைப் பார்த்து உடனே பதில் சொல்ல முடியாத குழந்தைகளும் பிறக்கின்றன. குரோமோசோமிலோ ஹார்மோனிலோ பிறப்புறுப்பிலோ இயற்கையாக வரும் இந்த மாறுபாடுதான் ஊடுபால். யார் செய்த பாவமும் இல்லை. நம் கடலூர் மாவட்ட மேல்பட்டாம்பாக்கத்தில் அப்படியொரு குழந்தை பிறந்தால், “ஊருக்குத் தெரியறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடுங்க” என்று சொல்ல உறவில் ஒருவராவது இருப்பார்.

அந்த அவசரத்துக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. தூத்துக்குடியில் திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவுசெய்ய மறுத்த வழக்கில், 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். திருமணத்தோடு நிற்காமல், ஊடுபால் குழந்தைகளுக்குச் செய்யும் பாலின அறுவை சிகிச்சையையும் தடுக்கச் சொன்னார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதமாகாது என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தத் தடையை விதித்துச் சுகாதாரத் துறையின் அரசாணை 355 வந்தது. மால்டா நாடு 2015-இலேயே இதைச் சட்டமாக்கியிருந்தது.

உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. இதைத்தான் பெற்றோர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிறுநீர் போக வழியில்லாவிட்டால் காத்திருக்க முடியாது. அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு முதல் சில வாரங்களிலேயே உப்புச்சத்து இறங்கி, வாந்தியும் நீரிழப்புமாக உயிரே போய்விடலாம். அதற்கு உடனே வேண்டியது மருந்து, கத்தியல்ல. தோற்றத்தைச் ‘சரிசெய்யும்’ அறுவையோ பல ஆண்டுகள் பொறுக்கும். செய்துவிட்டால் உணர்விழப்பு, மலட்டுத்தன்மை என்று வரும் சேதத்தை மீட்க முடியாது. “இப்போது செய்யாவிட்டால் உயிருக்கு என்ன ஆபத்து?” என்று டாக்டரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நம் பகுதிக்கு ஒரு சிக்கல் உண்டு. பெரிய வைத்தியம் என்றால் பலரும் புதுச்சேரிக்குத்தான் பஸ் ஏறுகிறோம். தமிழ்நாட்டு அரசாணை அங்கே நேராகச் செல்லாது. ஆனால் புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது. தீர்ப்பைக் காட்டி வாதாடலாம்.

2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் ஊடுபால் மக்களையும் சேர்த்தே எழுதப்பட்டது. நீதிமன்ற உத்தரவில்லாமல் ஊடுபால் என்பதைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது அது. அறுவைக்கோ குழந்தையைப் பிரிக்கவோ யாராவது நெருக்கினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். குழந்தைக்காக இலவச வழக்கறிஞரைக் கேட்கக் கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; இலவசச் சட்ட உதவிக்கான தேசியத் தொலைபேசி எண் 15100.

சிறு வயதில் அறுவை செய்யப்பட்டவர்களில் பலருக்குத் தங்கள் உடலில் என்ன நடந்தது என்பதே தெரியாது. கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள். ஆனால் உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பவையும் அதே விதிகள்தாம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு வைத்துவிடுங்கள்.